வீட்டுக் கூரையில் சூரியன்: மிச்சம் எவ்வளவு?

— இரண்டாம் ஆண்டு, மின்னியல் மற்றும் மின்னணுவியல் துறை



சூரியன் யாருக்கும் பில் அனுப்புவதில்லை. ஆனால் அந்த வெயிலைப் பிடித்து நம் வீட்டு வயரில் ஓட வைக்கிற சாமான்களுக்கு விலை இருக்கிறது. 'சோலார் போட்டால் கரண்ட் பில்லே வராது' என்று இன்று ஊரெங்கும் நோட்டீஸ் கொடுக்கிறார்கள். பில் வராமல் போவது வேறு, பணம் மிச்சமாவது வேறு. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை, நாம் வகுப்பில் படித்த வாட், யூனிட் கணக்கை மட்டும் வைத்துக்கொண்டு கண்டுபிடிப்பது எப்படி என்று சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மின்சாரம் உற்பத்தி செய்வது நம் மாவட்டத்துக்குப் புதிய விஷயம் அல்ல. மேலே கோதையாற்றில் தண்ணீரிலிருந்து எடுக்கிறார்கள். முப்பந்தலில் காற்றிலிருந்து எடுக்கிறார்கள். இப்போது மொட்டை மாடி உள்ள எந்த வீடும் ஒரு சின்ன பவர் ஹவுஸ் ஆகலாம். 1954-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் செய்த சிலிக்கான் செல், தன்மேல் விழுந்த வெயிலில் நூற்றுக்கு ஏறக்குறைய 6 பங்கைத்தான் மின்சாரமாக்கியது. இன்று கடையில் கிடைக்கும் பேனல் 20 பங்குக்கு மேல் தருகிறது. விலையும் வெகுவாக இறங்கிவிட்டது. 2024 பிப்ரவரியில் மத்திய அரசு தொடங்கிய பி.எம். சூர்ய கர் திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு ரூ.30,000, 2 கிலோவாட்டுக்கு ரூ.60,000, 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் என்றால் ரூ.78,000 மானியம். ஆகவே இது பணக்காரர் விஷயம் என்று ஒதுக்கிவிட முடியாது. ஆனால் யாருக்கு, எத்தனை கிலோவாட் என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது.

பில்லைப் படிப்போம்

என் அப்பா கொத்தனார். இத்தனை சதுர அடிக்கு இத்தனை மூடை சிமெண்ட் என்று விரல் மடக்காமலே சொல்லிவிடுவார். ஆனால் கரண்ட் பில்லில் அவர் பார்ப்பது கடைசியில் உள்ள ரூபாயை மட்டும்தான். எங்கள் வீட்டில் பில்லை மேலிருந்து கீழ்வரை வாசித்துப் பார்த்த முதல் ஆள் நான்தான். நம்மில் பலர் வீட்டிலும் அப்படித்தான் இருக்கும். எனவே அங்கிருந்தே தொடங்குவோம்.

தமிழ்நாட்டில் வீட்டு மின்கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை. 2016 மே முதல் ஒவ்வொரு கணக்கிலும் முதல் 100 யூனிட் இலவசம். 2024 ஜூலையில் அமலான கட்டணத்தில், அரசு மானியம் போக வீட்டுக்காரர் கட்ட வேண்டியதை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

மொத்தம் 500 யூனிட் வரை எரிப்பவர்களுக்கு:
1 – 100: இலவசம்
101 – 200: யூனிட்டுக்கு ரூ.2.35
201 – 400: ரூ.4.70
401 – 500: ரூ.6.30

500-ஐத் தாண்டினால்:
1 – 100: இலவசம்
101 – 400: ரூ.4.70
401 – 500: ரூ.6.30
501 – 600: ரூ.8.40
601 – 800: ரூ.9.45
801 – 1000: ரூ.10.50
அதற்கு மேல்: ரூ.11.55

இதில் ஒரு பள்ளம் இருப்பதைக் கவனித்தீர்களா? 500 யூனிட்டுக்கு ரூ.1,805. 501 யூனிட்டுக்கு ரூ.2,048.40. ஒரே ஒரு யூனிட் கூடினதற்கு ரூ.243.40! ரூ.2.35 சலுகை மொத்தமாகக் கை நழுவிப் போவதுதான் காரணம்.

மேலிருந்து இடிப்பது

வீட்டை இடிக்கும்போது மேல் மாடியிலிருந்துதான் இடித்துக்கொண்டு வர வேண்டும் என்பார் அப்பா. சோலாரும் நம் பில்லை அப்படித்தான் இடிக்கிறது. பேனல் தருகிற யூனிட் முதலில் கழிவது நம்முடைய மிக விலை உயர்ந்த மேல் யூனிட்டில். பிறகு அதற்குக் கீழே. கடைசியில் அடித்தளத்துக்கு, அதாவது இலவச 100 யூனிட்டுக்கு வந்துவிட்டால், அதற்குப் பிறகு இடித்து எந்தப் பயனும் இல்லை. அரசு சும்மா தருகிற யூனிட்டை நாம் காசு கொடுத்துத் தயாரித்ததுபோல ஆகிவிடும்.

ஆகவே நம் இலக்கு பூஜ்யம் அல்ல, 100. இந்த ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் பாதிக் கணக்கு முடிந்தது.

ஒரு கிலோவாட் என்ன தரும்?

'1 கிலோவாட்' என்று பேனலில் எழுதியிருப்பது, ஆய்வுக்கூடத்தில் செல்லின் வெப்பம் 25 டிகிரியாக இருக்கும்போது, சதுர மீட்டருக்கு 1000 வாட் வெளிச்சத்தில் கிடைப்பது. நம் மாடியில் மத்தியானம் பேனல் 60 டிகிரி வரை சுடும். ஒவ்வொரு டிகிரிக்கும் நூற்றுக்கு 0.3 முதல் 0.4 வரை உற்பத்தி குறையும். அதிலேயே பத்தில் ஒரு பங்குக்கு மேல் போய்விடுகிறது.

பொதுவாகத் தமிழ்நாட்டுக்கு ஒரு கிலோவாட்டுக்கு ஒரு நாளைக்கு 4 யூனிட் என்று கணக்குப் போடுவார்கள். ஆனால் கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு பூ நெல் விளைகிற நம் நாஞ்சில் நாட்டுக்கு மழையும் இரண்டு. ஜூனில் தென்மேற்கு, அக்டோபரில் வடகிழக்கு. மேகமூட்டமான நாட்கள் அதிகம். எனவே நான் 3.5 யூனிட் என்று கையைச் சுருக்கிக்கொள்கிறேன். ஒரு பில்லுக்கு 60 நாள் என்றால் ஒரு கிலோவாட்டுக்கு 210 யூனிட். கோடையில் இதைவிடக் கூடும், மழையில் குறையும். மிகுந்த யூனிட் இருவழி மீட்டர் மூலம் லைனுக்குப் போய் அடுத்த கணக்கில் வரவு வைக்கப்படும்.

நம் ஊருக்கே உரிய மூன்று விஷயங்கள்:

1. நாம் இருப்பது 8 டிகிரி அட்சரேகையில். ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை உச்சிச் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது. உச்சி வேளையில் ஒரு கம்பை நட்டு, நிழல் தெற்கே விழுவதை நீங்களே பார்க்கலாம். அதனால் பேனலைத் தெற்கு நோக்கி 8 முதல் 10 டிகிரி சாய்த்தாலே போதும். அதிகம் சாய்க்கத் தேவையில்லை.

2. தென்னை நிழல். பேனல்கள் சீரிஸில் இணைந்தவை. ஒரு பேனலில் ஓலை நிழல் விழுந்தால் அந்த வரிசை முழுவதன் கரண்டும் பாதிக்கப்படும். பைபாஸ் டயோடு ஓரளவுதான் காப்பாற்றும். 1 கிலோவாட்டுக்குச் சுமார் 100 சதுர அடி வேண்டும். அந்த இடத்தில் காலை 9 மணி முதல் மாலை 3 மணி வரை நிழல் விழுகிறதா என்று ஒரு நாள் உட்கார்ந்து பார்த்துவிட வேண்டும்.

3. உப்புக்காற்றும் பெருங்காற்றும். குளச்சல், முட்டம் போன்ற கரையோர ஊர்களில் சாதாரண இரும்புச் சட்டம் சீக்கிரம் துருப்பிடிக்கும். அலுமினியமோ நல்ல கால்வனைஸ் செய்ததோ வேண்டும். ஆரல்வாய்மொழிப் பக்கம் சட்டத்தின் பிடிமானம் உறுதியாக இருக்க வேண்டும். தளத்தைக் கண்டபடி துளைத்தால் மழைக்கு ஒழுகும் என்பது அப்பாவின் எச்சரிக்கை.

மூன்று வீடுகள்

கணக்கு வசதிக்காக விலையை இப்படி வைப்போம்: 1 கிலோவாட் ரூ.70,000, 2 கிலோவாட் ரூ.1,30,000, 3 கிலோவாட் ரூ.1,90,000. மானியம் போக முறையே ரூ.40,000, ரூ.70,000, ரூ.1,12,000. உங்களுக்குக் கிடைக்கும் விலையை இந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

முதல் வீடு: இரண்டு மாதத்துக்கு 180 யூனிட். பில் வெறும் ரூ.188. 1 கிலோவாட் போட்டால் அந்த ரூ.188-ம் மிச்சம். வருடத்துக்கு ரூ.1,128. போட்ட ரூ.40,000 திரும்ப 35 வருடம் ஆகும். பேனலுக்குப் பொதுவாகச் சொல்லும் ஆயுள் 25 வருடம். இந்த வீட்டுக்கு மிச்சத்துக்காக சோலார் தேவையே இல்லை.

இரண்டாம் வீடு: 420 யூனிட். பில் ரூ.1,301. 1 கிலோவாட் போட்டால் மீதி 210 யூனிட், பில் ரூ.282. மிச்சம் ரூ.1,019, வருடத்துக்கு ரூ.6,114. ஆறரை வருடத்தில் முதல் திரும்பும். 2 கிலோவாட் போட்டால் பில் பூஜ்யம், வருட மிச்சம் ரூ.7,806. அதாவது இரண்டாவது கிலோவாட்டுக்குக் கூடுதலாகச் செலவழித்த ரூ.30,000 வருடத்துக்கு ரூ.1,692 மட்டுமே தருகிறது. அது திரும்ப 17 வருடத்துக்கு மேல்!

மூன்றாம் வீடு: ஏ.சி. உள்ள வீடு, 620 யூனிட். பில் ரூ.3,069. 1 கிலோவாட் போட்டால் 410 யூனிட்டாக இறங்கி, 500-ன் பள்ளத்தையும் தாண்டி வந்துவிடுவதால் பில் ரூ.1,238. வருட மிச்சம் ரூ.10,986, நாலு வருடத்துக்குள் முதல் திரும்பும். 2 கிலோவாட் என்றால் 200 யூனிட், பில் ரூ.235. வருட மிச்சம் ரூ.17,004, நாலு வருடம் சொச்சம். இவர் இரண்டு கிலோவாட் போடலாம். மூன்றாவது கிலோவாட் இவருக்கும் வீண்தான்.

ஒரே பேனல், ஒரே வெயில்! ஆனால் ஒரு வீட்டில் 4 வருடம், இன்னொரு வீட்டில் 35 வருடம். வித்தியாசம் கூரையில் இல்லை, பில்லில் இருக்கிறது.

சித்தி கொண்டுவந்த கொட்டேஷன்

மேலே சொன்ன இரண்டாம் வீடு என் சித்தி வீடுதான். ஒரு கம்பெனிக்காரர் 3 கிலோவாட், ஹைப்ரிட் இன்வெர்ட்டர், நாலு பாட்டரி என்று எழுதிக் கொடுத்திருந்தார். மானியம் போக ரூ.2,02,000. சித்தி நகையை அடகு வைக்கத் தயாராக இருந்தார். "நீ கரண்டுக்குத்தானே மக்கா படிக்கே, இத ஒண்ணு வாசிச்சுச் சொல்லு" என்று காகிதத்தை என் கையில் தந்தார். எங்கள் குடும்பத்தில் ஒருவர் என் படிப்பை நம்பி ஒரு காகிதத்தை நீட்டியது அதுதான் முதல் தடவை.

அதில் மிச்சக் கணக்கு ஒரே வரியில் இருந்தது: 3 கிலோவாட் × 5 யூனிட் × 365 நாள் × ரூ.8 = ரூ.43,800. ஐந்து வருடத்துக்குள் முதல் திரும்பிவிடுமாம். பெருக்கலில் தப்பு இல்லை. பெருக்கிய எண்கள்தான் சித்தி வீட்டு எண்கள் அல்ல. மழை நாளிலும் 5 யூனிட் என்று போட்டிருக்கிறார்கள். சித்தி எந்த யூனிட்டுக்கும் ரூ.8 கொடுப்பதில்லை; மேல் யூனிட்டுக்கே ரூ.6.30-தான். சித்தி வீட்டில் வருடம் முழுவதும் எரிப்பதே 2,520 யூனிட். எரிக்காத யூனிட்டில் பில் எப்படிக் குறையும்?

உண்மையான மிச்சம் அதிகபட்சம் ரூ.7,806. நகைக்கடன் வட்டி நூற்றுக்கு 9 என்று வைத்தாலும் ரூ.2,02,000-க்கு வருட வட்டி ரூ.18,180. மிச்சத்தைப்போல இரண்டு மடங்குக்கு மேல் வட்டி! கரண்ட் பில் பூஜ்யம் ஆகும். நகை திரும்பி வராது.

நான் போட்ட மாற்றுக் கணக்கு இது. பழைய ஃபேன் 75 வாட். பி.எல்.டி.சி. ஃபேன் 30 வாட். ஒரு நாளைக்கு 12 மணி நேரம் ஓடினால் ஒரு ஃபேனுக்கு இரண்டு மாதத்தில் 32 யூனிட் மிச்சம். மூன்று ஃபேன் மாற்றினால் 96 யூனிட். 420 என்பது 324 ஆகிறது. செலவு ஏறக்குறைய ரூ.9,000. அதன்மேல் 1 கிலோவாட் சோலார் ரூ.40,000-க்குப் போட்டால் மீதி 114 யூனிட், பில் ரூ.33. மொத்தச் செலவு ரூ.49,000, வருட மிச்சம் ரூ.7,608.

ரூ.2,02,000 செலவழித்தால் மிச்சம் ரூ.7,806. ரூ.49,000 செலவழித்தால் மிச்சம் ரூ.7,608. இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டினேன். சித்தி நகையை அலமாரியில் வைத்துவிட்டார். ஃபேன் மூன்றும் மாற்றியாயிற்று. சீட்டு விழுந்ததும் 1 கிலோவாட்டுக்கு விண்ணப்பிக்கப் போகிறார்.

பாட்டரி மிச்சம் தருமா?

150 ஆம்பியர்-ஹவர், 12 வோல்ட் டியூபுலர் பாட்டரியில் 1.8 யூனிட் அடங்கும். ஆயுள் கெடாமல் இருக்க அதில் பாதி, அதாவது 0.9 யூனிட் எடுப்பது நல்லது. விலை ரூ.16,000 என்றும், 1,500 முறை ஏற்றி இறக்கலாம் என்றும் தாராளமாகவே வைப்போம். மொத்தம் 1,350 யூனிட். யூனிட்டுக்கு ரூ.11.85. நம் கட்டணத்தில் உச்சமான ரூ.11.55-ஐவிட இது அதிகம். ஏற்றி இறக்குவதில் ஐந்தில் ஒரு பங்கு வீணாவதை இன்னும் சேர்க்கவில்லை.

லித்தியம் பாட்டரி அதிகம் உழைக்கும், ஆழமாகவும் எடுக்கலாம், யூனிட் அடக்கமும் குறையும். ஆனாலும் விடை மாறாது. காரணம், இருவழி மீட்டர் உள்ள வீட்டுக்கு லைனே பாட்டரி. பகலில் கொடுத்த ஒரு யூனிட், ராத்திரி ஒரு யூனிட்டாகவே கணக்கில் திரும்பி வருகிறது. பாட்டரியில் போட்டால் முக்கால் யூனிட் சொச்சம்தான் திரும்பும்.

ஜெர்மனியில் வீட்டுக்காரர் லைனுக்கு விற்கும் யூனிட்டுக்குக் கிடைக்கும் விலையைப்போல, வாங்கும் யூனிட்டின் விலை பல மடங்கு. அங்கே பாட்டரி மிச்சம் தரும். நம் நாட்டிலும் 2023-ல் வந்த மத்திய அரசு விதிகள், ஸ்மார்ட் மீட்டர் வந்தபின் நேரத்துக்கு ஏற்ற கட்டணம் என்று சொல்கின்றன. பகல் யூனிட் மலிவு, ராத்திரி யூனிட் விலை அதிகம் என்று நம் வீட்டுக்கும் வரும் நாளில் இந்தக் கணக்கை மறுபடி போட வேண்டும்.

அப்படியானால் பாட்டரி எதற்கு?

2017 நவம்பர் 30-ஐ நம் மாவட்டத்தில் யாரும் மறக்க முடியாது. ஒக்கி அடித்த நாள். ஆயிரக்கணக்கான மின்கம்பங்கள் சாய்ந்தன. பல ஊர்களில் நாள்கணக்காகக் கரண்ட் இல்லை. நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. கடலுக்குப் போனவர்களைப் பற்றி ஒரு தகவல் வராதா என்று தவித்தவர்கள், செல்போனுக்கு சார்ஜ் ஏற்ற ஜெனரேட்டர் இருந்த வீட்டு வாசலில் காத்து நின்றது ஞாபகம் இருக்கிறது.

இங்கே பலருக்குத் தெரியாத ஒரு சங்கதி: பாட்டரி இல்லாத, லைனோடு இணைந்த சோலார், கரண்ட் போனதும் தானும் நின்றுவிடும். நல்ல வெயில் அடித்தாலும் ஒரு பல்பு எரியாது. இது குறை அல்ல, பாதுகாப்பு. வெளி மாவட்டங்களிலிருந்து வந்த மின் ஊழியர்கள் ஒக்கியின்போது கம்பத்தில் ஏறி வேலை செய்தார்களே, அந்த நேரத்தில் ஒரு வீட்டுப் பேனல் லைனுக்குள் கரண்ட் அனுப்பினால் அவர்கள் உயிர் என்னாகும்? அதனால்தான் இன்வெர்ட்டர் தானே துண்டித்துக்கொள்ளும்படி அமைத்திருக்கிறார்கள்.

கரண்ட் போன இரவுக்கு நமக்குத் தேவை என்ன? 30 வாட் ஃபேன் இரண்டு, 9 வாட் பல்பு நாலு, போன் சார்ஜருக்கு ஒரு 14 வாட். மொத்தம் 110 வாட். 8 மணி நேரத்துக்கு 0.88 யூனிட். ஒரே ஒரு பாட்டரி போதும், நாலு வேண்டாம். ஏற்கனவே வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால், 150 வாட் பேனல் இரண்டைத் தனியாக, சார்ஜ் கண்ட்ரோலர் மூலம் அந்தப் பாட்டரிக்குக் கொடுக்கலாம். நல்ல வெயிலில் ஒரு நாளில் அந்தப் பாட்டரி ஏறக்குறைய நிறைந்துவிடும். கரண்ட் ஒரு வாரம் வராவிட்டாலும் வீட்டில் வெளிச்சம் இருக்கும், நெபுலைசர் வைக்க வேண்டிய தாத்தாவுக்கு மூச்சு இருக்கும்.

இந்தச் செலவை மிச்சம் என்ற பத்தியில் எழுதக் கூடாது. பாதுகாப்பு என்ற பத்தியில் எழுத வேண்டும். விற்பவர்கள் இரண்டையும் ஒரே பத்தியில் எழுதிவிடுகிறார்கள். அங்கேதான் நம் மக்கள் ஏமாறுகிறார்கள்.

கணக்குப் போடும் முறை

1. ஒரு வருடத்தின் ஆறு பில்களையும் எடுங்கள். ரூபாயைப் பார்க்காமல் யூனிட்டை எழுதுங்கள்.
2. முதலில் ஃபேன், பல்பு, பழைய ஃபிரிட்ஜ் இவற்றில் குறைக்க முடிந்த யூனிட்டைக் கழியுங்கள்.
3. மீதியிலிருந்து 100-ஐக் கழியுங்கள். அதை 210-ஆல் வகுத்தால் தேவையான கிலோவாட் வரும். பின்னம் வந்தால் கீழே இறக்குங்கள்.
4. சோலார் இல்லாத பில், சோலார் உள்ள பில் இரண்டையும் அட்டவணைப்படி தனித்தனியே போட்டுக் கழியுங்கள். சராசரி விலையால் பெருக்காதீர்கள்.
5. கடன் என்றால் வருட வட்டியை மிச்சத்தோடு ஒப்பிடுங்கள். பத்து வருட அளவில் இன்வெர்ட்டர் மாற்றும் செலவு வரலாம் என்பதையும், பேனல் வருடத்துக்கு நூற்றுக்கு அரைப் பங்குக்கு மேல் திறன் இழக்கும் என்பதையும் சேருங்கள். இருவழி மீட்டருக்குத் தனிக் கட்டணம் ஏதும் உண்டா என்று ஈ.பி. அலுவலகத்தில் கேட்டு அதையும் எழுதுங்கள்.

நண்பர்களே! டிரான்ஸ்பார்மர், மோட்டார் என்று நாம் படிப்பவை எல்லாம் பெரிய கம்பெனிக்குப் போன பிறகுதான் பயன்படும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஆனால் நம் தெருவில் இன்றைக்கே யாரோ ஒருவர் கையில் ஒரு கொட்டேஷனோடு, கழுத்தில் உள்ளதைக் கழற்றலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கலாம். அவருக்குக் கேட்க ஆள் இல்லை, நாம் இருக்கிறோம். வருகிற விடுமுறையில் ஒவ்வொருவரும் ஐந்து வீட்டு பில்லையாவது வாங்கி இந்தக் கணக்கைப் போட்டுக் கொடுப்போம். வேண்டியது ஒரு பேனா, ஒரு நோட்டு, ஒரு கால்குலேட்டர்.